ஃபிரிட்ஜுக்குள் ஒரு பொன்வண்டு

போன வாரம் நண்பர் ஒருத்தர் ஒரு படம் அனுப்பியிருந்தார். கன்னங்கரேல் பின்னணி, நடுவுல ஒரு தட்டான், றெக்கை பூரா பனித்துளி, ஒவ்வொரு துளிக்குள்ளயும் ஒரு பூ தலைகீழா தெரியுது. 'எப்பூடி தல?' அப்படின்னு கேள்வி வேற. பிரமாதமான படம், மறுப்பேதும் இல்லை. 'எங்க எடுத்தீங்க?'ன்னு கேட்டேன். 'எங்க வீட்டு டைனிங் டேபிள்ல'ன்னார். தட்டானை டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சு, அது மரத்துப் போனதும் ஒரு குச்சியில உட்கார வச்சு, தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி தெளிச்சு, பின்னாடி ஒரு ஜெர்பரா பூவை வச்சு எடுத்தாராம். படத்துக்கு அவர் வச்ச தலைப்பு 'விடியலின் தவம்'.

நியாயமா நான் பொங்கியிருக்கணும். பொங்கலை. காரணம் இருக்கு மக்களே. நானும் அந்த ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தவன்தான்.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். மேக்ரோ பைத்தியம் பிடிச்ச புதுசு. மேக்ரோ லென்ஸ் வாங்க காசு கிடையாது. 50 எம்எம் லென்ஸைத் திருப்பி மாட்டுற ரிவர்ஸ் ரிங் ஒண்ணு, ஃப்ளாஷுக்கு முன்னாடி பால் கவரை வெட்டி ஒட்டின டிஃப்யூசர் ஒண்ணு, இவ்வளவுதான் ஆயுதம். வண்டலூர் பக்கம் ரோட்டோரத்துக் கொடுக்காப்புளி மரத்துல ஒரு பொன்வண்டு கிடைச்சது. பச்சையும் நீலமுமா மின்னிக்கிட்டு, என் கட்டை விரல் அளவுக்கு. ஊர்ல வளர்ந்தவங்களுக்கு இது என்னன்னு சொல்லணுமா? தீப்பெட்டிக்குள்ள கொடுக்காப்புளி இலை போட்டு பொன்வண்டு வளர்க்காத பையன் நம்ம தலைமுறையில கிடையாது. அது அரிசி மாதிரி முட்டை போட்டுட்டா அன்னிக்கு கிளாஸ்ல அவன்தான் ஹீரோ.

அந்த ஞாபகத்துல வீட்டுக்குக் கொண்டு வந்தேன். எப்பவோ படிச்சது மண்டையில இருந்துச்சு: அஞ்சு நிமிஷம் ஃபிரிட்ஜ்ல வச்சா பூச்சி அசையாது, அப்புறம் வெளியில வச்சா பழையபடி நடந்து போயிடும், ஒரு பாதிப்பும் இல்லைன்னு. வச்சேன். அந்த நேரம் பார்த்து ஆபீஸ்ல இருந்து போன். முக்கால் மணி நேரம். சமையலறையில இருந்து தங்கமணி குரல்: "ஏங்க, வெண்டைக்காய் டப்பாவுல என்னத்த வச்சிருக்கீங்க?"

வெளியில எடுத்து, மொட்டை மாடித் தொட்டியில இருந்த செம்பருத்தி இலை மேல வச்சு, சிவப்புப் பூ பின்னாடி மங்கலா தெரியற மாதிரி எடுத்தேன். என் வாழ்க்கையிலயே அவ்வளவு துல்லியமா படம் எடுத்ததில்லை. கண்ணு மேல இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் தெரியுது. சாயங்காலம் வரைக்கும் அது நகரும் நகரும்னு பார்த்தேன். நகரலை.

படத்தை மட்டும் எல்லாருக்கும் காட்டினேன். ஏகப்பட்ட சூப்பர், அருமை, கலக்கல். சேலையூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் இருக்கார், ரிட்டயர்டு வாத்தியார், செடி கொடி விஷயத்துல கில்லாடி. அவர்கிட்ட பெருமையா நீட்டினேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு ஒரு நிமிஷம் பார்த்தார். "படம் நல்லாருக்கு தம்பி. ஆனா பொன்வண்டுக்கு செம்பருத்தியில என்ன வேலை?"ன்னு கேட்டார். அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேட்கலை. நானும் ஒண்ணும் சொல்லலை.

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு.

பூச்சியைக் கொல்றது பாவம்னு அஹிம்சைப் பிரசங்கம் பண்ண வரலை. தினம் ராத்திரி கொசு மட்டையைப் பட் பட்னு அடிக்கிற தாம்பரத்துக்காரனுக்கு அந்தத் தகுதி கிடையாது. நான் சொல்ல வர்றது வேற. இடத்தை விட்டுப் பெயர்த்து எடுத்த பூச்சிப் படம் பாதிப் படம்தான். செடி இல்லாத பூச்சி, முகவரி இல்லாத கடிதாசி. அதுக்கு மேல 'விடியலின் தவம்'னு தலைப்பு வச்சா அது பொய்யும் ஆயிடுது.

எதுக்கு ஆளாளுக்கு ஃபிரிட்ஜைத் திறக்கிறோம்? அதுக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கு, இல்லைன்னு சொல்லக் கூடாது. மேக்ரோவுல ஒண்ணுக்கு ஒண்ணு அளவுன்னு சொல்றோமே, அதாவது பூச்சி எவ்வளவு பெரிசோ சென்சார்லயும் அவ்வளவே பெரிசா விழறது, அந்த அளவுல அபர்ச்சரை எஃப் 11 வரைக்கும் மூடினாலும் ஃபோகஸ்ல இருக்கிற ஆழம் சுமாரா ஒரு மில்லிமீட்டர்தான் தேறும். கண்ணு ஃபோகஸ்ல இருந்தா மீசை இருக்காது. அதனாலதான் கொஞ்சம் கொஞ்சமா ஃபோகஸை நகர்த்தி இருபது முப்பது படம் எடுத்து அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒட்டறாங்க. அத்தனை படத்துக்கும் பூச்சி ஆடாம அசையாம இருக்கணும்.

குளிர் நாட்டுக்காரனுக்கு இதுல சவுகரியம். பூச்சிக்கு நம்மளை மாதிரி உடம்புச் சூடு கிடையாது, வெளியில குளிர்ந்தா அதுவும் குளிர்ந்துடும். அங்க விடியற்காலையில புல்வெளிக்குப் போனா தட்டான் எல்லாம் பனி மூடி சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும். நமக்கு? மார்கழி விடியற்காலையிலகூட 20 டிகிரிக்குப் பக்கம்தான். சித்திரையில சொல்லவே வேணாம், காலை ஆறு மணிக்கே பூச்சி சுறுசுறுப்பா இருக்கும், நமக்குத்தான் வேர்த்து ஊத்தும். ஆக, ஐரோப்பாக்காரன் படத்தைப் பார்த்துட்டு அதே மாதிரி இங்க எடுக்கணும்னு ஆசைப்பட்டா ஃபிரிட்ஜ்லதான் போய் நிக்கணும்.

ஆனா நம்ம ஊர்ப் பூச்சியும் தூங்கும்ங்க. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருஷம் ஆச்சு. வயித்துல நீலப் பட்டை போட்ட ஒரு தேனீ உண்டு, கூட்டுல சேராத தனிக் கட்டை. தக்காளிப் பூவையும் கத்திரிப் பூவையும் கட்டிப்பிடிச்சு உடம்பை அதிர வச்சு மகரந்தத்தை உதிர்க்கிற வேலை தெரிஞ்சது. இதுல ஆண்கள் சாயங்காலம் ஆனா காய்ஞ்ச குச்சி, கொடி நுனின்னு பார்த்து, வாயால குச்சியைக் கவ்விக்கிட்டு வரிசையா தொங்கிரும். கல்யாண மண்டபத்துல பாய் கிடைக்காத மாப்பிள்ளைத் தோழனுங்க மாதிரி. ஒரு இடம் பிடிச்சுப் போச்சுன்னா அடுத்தடுத்த நாளும் அங்கயே வரும். இருட்டினதுக்கு அப்புறமோ விடியறதுக்கு முன்னாடியோ போய் மெதுவா டிரைபாட் வச்சா, அசையாம இருக்கும். ஸ்டாக்கிங் என்ன, சாவகாசமா எத்தனை வேணா எடுக்கலாம். ஃபிரிட்ஜ் தேவையில்லை. என்ன, நாம சாயங்காலம் எங்க போய்த் தொங்குதுன்னு பார்த்து வச்சிருக்கணும். டிவி சீரியல் நேரத்துல மொட்டை மாடியில கொசுக்கடி வாங்கிட்டு நிக்கணும்.

குதிக்கிற சிலந்திக்கு அதுவும் வேணாம். லென்ஸைக் கொண்டு போனா அதுவே திரும்பி நம்மளைப் பார்க்கும். போஸ் கொடுக்கிறதுக்குன்னே பிறந்த ஜென்மம்.

சரி, பாதிப் படம்னு சொன்னேனே, அதுக்கு வர்றேன். எங்க வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கும். தங்கமணி அதைக் குச்சியால தள்ளி விட்டுட்டு இலையைப் பறிப்பாங்க. ஒரு நாள் லென்ஸ் வழியா பார்த்தா எச்சத்துக்குக் கால் இருக்கு! கறிவேப்பிலை அழகிங்கிற பட்டாம்பூச்சியோட புழு அது. சின்ன வயசுல எச்சம் மாதிரி வேஷம், வளர்ந்தா இலை மாதிரி பச்சை. சீண்டினா தலைக்குப் பின்னாடி இருந்து சிவப்பா ஒரு கவட்டையை நீட்டும், குப்புன்னு ஒரு நெடி வரும். (நான் சீண்டலை. காத்து அடிச்சு ஒரு இலை பட்டது. நம்புங்க.)

அதோட பெண் பட்டாம்பூச்சியில ஒரு வகை இருக்கு, பார்த்தா அப்படியே சிவப்புடல் அழகி மாதிரியே இருக்கும். இன்னொரு வகை ரோஜா அழகி மாதிரி. அந்த ரெண்டும் விஷமுள்ளது, பறவை ஒரு தடவை வாயில வச்சா மறுபடி தொடாது. கறிவேப்பிலை அழகிக்கு விஷமும் கிடையாது ஒண்ணும் கிடையாது, சும்மா வேஷம் மட்டும். உடம்பைப் பார்த்தா கண்டுபிடிச்சிரலாம். உடம்பு சிவப்பா இருந்தா அசல், கறுப்பா இருந்தா போலி. இதை நான் புஸ்தகத்துல படிக்கிறதுக்கு முன்னாடி என் படத்துல பார்த்தேன். சிவப்புடல் அழகின்னு நினைச்சு எடுத்த பட்டாம்பூச்சி கறிவேப்பிலை மேல முட்டை போட்டுக்கிட்டிருந்தது. அங்க அதுக்கு என்ன வேலை? வாத்தியார் கேட்ட அதே கேள்வி! பெரிசாக்கிப் பார்த்தா உடம்பு கறுப்பு. இலை படத்துல இல்லேன்னா இந்தக் குட்டு வெளிப்பட்டே இருக்காது.

அப்போ அசல் எங்க இருக்கு? எங்க தெருவுல, எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருந்த ரெண்டு கிரவுண்டு காலி மனையில. எருக்கு, துத்தி, நாயுருவி, தும்பை, பார்த்தீனியம்னு குப்பையா வளர்ந்து கிடக்கும். எருக்குல வெந்தய வரியனோட புழு எப்பவும் இருக்கும். அதுக்கு நடுவுல தரையோட தரையா படர்ந்து ஒரு செடி, சிறுநீரக வடிவத்துல இலை, கருஞ்சிவப்புல குழாய் மாதிரி பூ. ஆடுதின்னாப்பாளை. பேரே சொல்லிடுது, ஆடுகூட வாய் வைக்காது. சிவப்புடல் அழகியோட புழு அதைத்தான் தின்னும், அதுல இருக்கிற விஷத்தைத்தான் தன் உடம்புல சேர்த்து வச்சுக்கும். (நாட்டு மருந்துன்னு யாராவது கொடுத்தா சாப்பிட்டுடாதீங்க சாமிகளா, அந்த விஷம் சிறுநீரகத்தைக் கெடுத்துடும்.) ஆக எங்க வீட்டுக் கறிவேப்பிலையில பிறந்த அம்மணி போடற வேஷம் பலிக்கணும்னா, அந்தக் காலி மனையில கேட்பாரில்லாம கிடக்கிற களைச்செடி உயிரோட இருக்கணும்! இதை யோசிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி சிலிர்த்துச்சு.

எல்லாருக்கும் வண்டலூர் காடோ நன்மங்கலம் காடோ பக்கத்துல கிடையாது. நம்ம கிறித்துவக் கல்லூரி 1937-ல தாம்பரத்துக்கு வந்தப்ப இருந்து காப்பாத்தி வச்சிருக்கிற 365 ஏக்கர் இருக்கு, ஆனா கேமராவும் கையுமா நினைச்சப்ப நுழைய முடியாது. பள்ளிக்கரணைக்கு 2022-ல ராம்சர் பட்டயம் கிடைச்சது, சந்தோஷம். காலி மனைக்கு எவன் பட்டயம் கொடுப்பான்? மேக்ரோக்காரன்தான் அதுக்கு சாட்சி. மயிலாப்பூர்ல இருந்த மா. கிருஷ்ணன் 1950-ல இருந்து 1996-ல சாகிற வரைக்கும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில பத்தி எழுதினார். யானையைப் பத்தி எழுதின அதே கையால அணிலையும் காக்காயையும் பத்தி எழுதினவர். அவருக்கு ஓணான் ஒரு சாதாரண விஷயமா படலை. நாம சாட்சி சொல்ற இடத்துல நின்னுக்கிட்டு சாட்சியைக் கலைச்சா எப்படி?

சாட்சின்னு ஏன் சொல்றேன்னா, உலகத்துல பெரிய ஆளுங்களே இதுல மாட்டியிருக்காங்க. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சம்பந்தப்பட்ட வனவிலங்குப் புகைப்படப் போட்டியில, 2009-ல முதல் பரிசு வாங்கினது ஒரு ஓநாய் வேலிக் கதவைத் தாண்டுற படம். அது பழக்கப்படுத்தின ஓநாயா இருக்கலாம்னு நடுவர்கள் முடிவு பண்ணி 2010-ல பரிசைப் பறிச்சாங்க. எடுத்தவர் மறுத்தார், அவங்க ஏத்துக்கலை. அதே போட்டியில 2017-ல ஒரு பிரிவுல ஜெயிச்ச எறும்புத்தின்னி படத்தை, அது பாடம் பண்ணி வச்ச பொம்மைன்னு சொல்லி 2018-ல நீக்கினாங்க. ஓநாய்க்கு இவ்வளவு விசாரணை. தட்டானுக்கு யார் விசாரிப்பா?

நான் இதை எல்லாம் சொன்னதும் நண்பர் சும்மா இல்லை. 'விஞ்ஞானிங்க பூச்சியைப் பிடிச்சு குத்தி வைக்கலையா?'ன்னு கேட்டார். வைக்கிறாங்க. ஆனா ஒவ்வொரு ஊசிக்குக் கீழயும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். எந்த ஊர், எந்த தேதி, எந்தச் செடி, யார் பிடிச்சது. அந்தச் சீட்டு தொலைஞ்சு போச்சுன்னா அந்தப் பூச்சியோட மதிப்பு பெரும்பாலும் போச்சு. ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி தளத்துலகூட, பிடிச்சு வச்சிருக்கிற உயிர்னா அதைத் தனியா குறிக்கச் சொல்லி ஒரு கட்டம் இருக்கு. நீங்களும் உங்க படத்துக்குக் கீழ 'ஃபிரிட்ஜ்ல வச்சு, டைனிங் டேபிள்ல எடுத்தது'ன்னு ஒரு வரி போடுங்க, நான் வாயைத் திறக்கலைன்னேன். 'அப்படிப் போட்டா யார் பார்ப்பா?'ன்னார். அதேதான் நானும் சொல்றேன்!

கோடு எங்க போடறதுங்கிறதுல எனக்கும் குழப்பம் உண்டு. முன்னாடி மறைக்கிற ஒரு புல்லை மடக்கி வைப்பேன். ஸ்ப்ரே பாட்டில் தண்ணி ஒரு காலத்துல அடிச்சிருக்கேன், இப்ப இல்லை, ஆனா அடிக்கிறவங்களைத் திட்ட மாட்டேன். தேன்சிட்டுக் கூட்டைச் சுத்தி இருக்கிற இலையை வெட்டி 'கிளியர்' பண்ணி எடுக்கிறவங்களை மட்டும் என்னால மன்னிக்க முடியலை. பால்கனி ஒயர்ல தொங்குற அந்தக் கூட்டை நீங்க கிளியர் பண்றது உங்க லென்ஸுக்கு மட்டும் இல்லை, எதிர்வீட்டு டேங்க் மேல உட்கார்ந்திருக்கிற காக்காய்க்கும் சேர்த்துத்தான். காப்புக்காட்டுக்குள்ள போய் பூச்சி பிடிக்கிறது சட்டப்படியே தப்பு. 1972 வனவிலங்குச் சட்டத்துப் பட்டியல்ல பட்டாம்பூச்சிகளும் உண்டுங்கிறது பல பேருக்குத் தெரியாது.

அந்தக் காலி மனை கதையையும் சொல்லிடறேன். ஒரு மழைக் காலத்துல தெருவுல ரெண்டு வீட்டுல டெங்கு. குடியிருப்போர் சங்கத்துல கூடி ஜேசிபி விட்டு மனையை வழிச்சு எடுக்கிறதா முடிவு. நான் லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய் படம் காட்டினேன். டெங்கு கொசு செடியில முட்டை போடாது சார், நல்ல தண்ணி தேங்கின டயர், தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற தட்டு, இதுலதான் போடும்னேன். (மறுபடியும் ஃபிரிட்ஜ்!) செயலாளர் நல்ல மனுஷன், பொறுமையா எல்லாப் படத்தையும் பார்த்தார். "எல்லாம் சரி சார். நாளைக்கு அங்கருந்து பாம்பு வந்து ஒரு குழந்தையைக் கடிச்சா உங்க பட்டாம்பூச்சியா பதில் சொல்லும்?"ன்னார்.

என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை. அவர் கேட்டது நியாயம்தான். ஆனா ஒண்ணு கவனிச்சேன். நான் காட்டினதுல அவர் நின்னு பார்த்த படம், கண்ணு துல்லியமா விழுந்த படங்கள் எதுவும் இல்லை. பின்னாடி மனையோட சுவரும், சுவத்துல எழுதின பழைய கோச்சிங் சென்டர் விளம்பரமும் மங்கலா தெரிய, முன்னாடி ஆடுதின்னாப்பாளை மேல ஒரு கருஞ்சிவப்புப் புழு இருக்கிற சுமாரான படம். "இது நம்ம தெருவா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். கறுப்புப் பின்னணியில எடுத்திருந்தா அந்தக் கேள்வி வந்தே இருக்காது.

ஜேசிபி வந்தது. நடுவுல எல்லாம் வழிச்சு எடுத்துட்டாங்க. சுவரோரமா ஒரு ரெண்டடி அகலத்துக்கு மட்டும், "சாருக்காக"ன்னு சொல்லி விட்டு வச்சாங்க. அதுல எருக்கு பிழைச்சது. ஆடுதின்னாப்பாளை போயிடுச்சுன்னுதான் நினைச்சேன், அடுத்த மழைக்கு வேர்ல இருந்து நாலு இலை துளிர்த்தது. சிவப்புடல் அழகி இன்னும் திரும்பி வரலை. வீட்டுல கறிவேப்பிலையில ஒரு கிளையை தங்கமணி தொடறதில்லை, "அது அதுங்களுக்கு"ன்னு ஒதுக்கிட்டாங்க. சாம்பாருக்கு மத்த கிளை.

தட்டான் நண்பர்கிட்ட இதை எல்லாம் போன்ல சொல்லி முடிச்சேன். கொஞ்ச நேரம் சத்தத்தைக் காணோம். அப்புறம், 'அது சாகலை தல, அப்புறம் பறந்து போயிடுச்சு'ன்னார். இருக்கும். எல்லாத்துக்கும் ஆபீஸ்ல இருந்து போன் வராது.

என் பொன்வண்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு, மேஜை டிராயர்ல, ஒரு தீப்பெட்டிக்குள்ள. நிறம் கொஞ்சம்கூட மங்கலை. வாத்தியார் பேச்சைக் கேட்டு ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வைப்போம்னு போன ஞாயித்துக்கிழமை எடுத்தேன். ஊர் வண்டலூர், மரம் கொடுக்காப்புளின்னு எழுதினேன். தேதி மறந்து போச்சு.